பிரஷர் மாத்திரை

சிதம்பரம் மேலவீதியை ஒட்டிய ஒரு சந்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற தமிழ்மணியைப் பற்றி இரண்டு பேரிடம் விசாரித்தால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால், "அவரு கட்டின காயிலு பத்து வருஷத்துக்கு அசையாது" என்பார்கள். அவருடைய பங்காளிகளைக் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நல்ல மனுஷன்தான், இன்னா, காலையிலயே ஊத்திக்குவாரு" என்பார்கள். முதலில் சொன்னது உண்மை. இரண்டாவது பச்சைப் பொய். இந்த நாற்பத்தெட்டு வயது வரை தமிழ்மணி சாராயத்தை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் நம் ஊரில் ஒருவன் கை நடுங்கினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் என்று எல்லோரும் கூடி முடிவு செய்து வைத்திருக்கிறோம். வேறு காரணம் சொன்னால் கேட்பதற்குக் காது கிடையாது.

அவர் கை எப்போதும் நடுங்கும் கை அல்ல. கடையின் பின்கட்டில் தனியாக உட்கார்ந்து தலைமுடி கனத்துச் செம்புக் கம்பியைச் சுற்றும்போது அந்தக் கையைப் பார்க்க வேண்டும். ஒரு சுற்று கூடாது, ஒரு சுற்று குறையாது. மோட்டார் கொண்டுவந்தவர் உள்ளே எட்டிப்பார்த்து, "ஆச்சாங்க?" என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டால் போயிற்று. விரல்கள் உதற ஆரம்பிக்கும். கழுத்தில் வியர்வை வழியும். நெஞ்சு அடிக்கிற அடி எதிரே நிற்பவருக்குக் கேட்டுவிடுமோ என்று அவருக்கே கூச்சமாக இருக்கும். "நாளைக்கு வாங்க, இன்னும் வார்னிஷ் காயல" என்று சொல்லி அனுப்பிவிடுவார். நாலு பேர் நடுவில் டீ குடித்தால் பாதி டம்ளர் சட்டையில் இருக்கும். பேங்கில் கையெழுத்துப் போட்டால் அவர் கையெழுத்தை அவரே அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டதும் இதனால்தான். கேள்வி கேட்க வந்த வாத்தியாரைவிட மோட்டாரைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியும். ஆனால் வாயைத் திறக்க வேண்டுமே.

இதை முதலில் கண்டுபிடித்தவள் அக்கா பொன்னி. அவரைவிட ஆறு வயது பெரியவள். சேத்தியாத்தோப்பில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தமிழ்மணியின் கல்யாணத்தில் தாலியைக் கையில் எடுத்துக் கொடுத்தபோது மேளம் கொட்டுகிறது, எல்லோரும் அட்சதையோடு எழுந்து நிற்கிறார்கள், மாப்பிள்ளையின் கை தந்தியடிக்கிறது. மணப்பெண் பவானி தலையைக் குனிந்து காத்திருக்கிறாள். முதல் முடிச்சு மாப்பிள்ளை போட வேண்டும், மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு. பின்னால் விளக்கோடு நின்ற பொன்னி விளக்கைப் பக்கத்தில் இருந்தவளிடம் திணித்துவிட்டு, முந்தானை மறைக்கிற மாதிரி குனிந்து, தம்பியின் கைக்கு மேல் தன் கையை வைத்து மூன்று முடிச்சையும் அவளே போட்டுவிட்டாள். "பயப்படாதடா, எல்லாம் ஆயிடுச்சி" என்று காதில் சொன்னாள். அப்படியும் பெண் வீட்டில் யாரோ, "மாப்ள போட்டுட்டு வந்திருக்காரு போல" என்றார்கள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான்.

பொன்னி அதன்பிறகு தம்பிக்காக ஒவ்வொரு ஆடிக்கும் மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள். தம்பி குடிப்பதில்லை என்று சண்டை போட்டுச் சொல்வதற்குச் சொந்தத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். மூச்சிரைக்கச் சண்டை போடுவாள், ஏனென்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மாடியேறினால் இழுக்கும், பனிக்கு இழுக்கும். இழுப்புக்கான பம்ப் எப்போதும் அவள் சுருக்குப்பையில் இருக்கும். வயதானதும் பிரஷரும் சேர்ந்துகொண்டது.

தமிழ்மணி டாக்டரிடம் போனது மகளால். ஸ்ரீமதி பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தாள். பெற்றவர்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போடுவதாக ஏற்பாடு. மைக்கில் மூன்று தடவை பெயரைச் சொன்னார்கள். தமிழ்மணி சைக்கிள் ஸ்டாண்டில், இரண்டு வண்டிகளுக்கு நடுவில் செருப்புத் தேடுகிறவர் மாதிரி குனிந்து நின்றிருந்தார். பவானி மட்டும் மேடையேறினாள். வீட்டுக்கு வந்த ஸ்ரீமதி திட்டவில்லை. "நான் தேடுனம்ப்பா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப்பின் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

சிதம்பரத்தில் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கடலூருக்குப் பஸ் ஏறினார். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மனநல டாக்டர். போர்டைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் அரைமணி நேரம் நின்றார். பிறகு உள்ளே போனவர், வந்த காரியத்தைச் சொல்லும்போதே கால்சட்டை நனைய வியர்த்தது. டாக்டர் வயதானவர். சிரிக்கவில்லை.

"இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஜாஸ்தி பேருக்கு இருக்கு, வெளிய சொல்றதில்ல. இந்த மாத்திரய கூட்டத்துக்குப் போறதுக்கு முக்காமணி நேரம் முந்திப் போட்டுக்குங்க. நெஞ்சு படபடப்பும் கை நடுக்கமும் அடங்கும். பிரஷருக்கும் குடுக்கறதுதான், பேரு ப்ரோப்ரனலால். உங்களுக்கு வீசிங் எதுனா உண்டா?"

"எனக்கில்ல சார். எங்க அக்காவுக்கு இருக்கு."

"அக்காவுக்கா நான் எழுதறேன்?" என்றார் டாக்டர். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வீசிங் உள்ளவங்க இதத் தொடவே கூடாது, ஞாபகம் வெச்சிக்குங்க. இன்னொண்ணு, இது ஒடம்பத்தான் அடக்கும். மனசுல இருக்கிற பயம் அப்படியேதான் இருக்கும். அத எடுக்க நீங்க மாசம் ரெண்டு தடவ வந்து எங்கிட்ட பேசணும்" என்றார்.

மாத்திரை வாங்க ஆறு வருடம் தவறாமல் போன தமிழ்மணி, பேசுவதற்கு ஒரே ஒரு தடவைதான் போனார். பேசினால் அழுகை வந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் பவானி சட்டைப்பையில் அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது?" என்றாள்.

"பிரஷரு" என்றார் தமிழ்மணி. டாக்டரே சொன்னதுதானே, முழுப்பொய் இல்லையே என்று மனதுக்குச் சமாதானம்.

பிரஷர் நம் பக்கத்தில் கௌரவமான வியாதி. கல்யாண வீட்டில் நாலு பேர் உட்கார்ந்தால், "எனக்கு ஜாஸ்தி", "எனக்கு அதவிட ஜாஸ்தி" என்று போட்டி போட்டுக்கொண்டு சொல்வார்கள். பயம் என்று சொல்லிப் பாருங்கள். நீயெல்லாம் ஆம்பளையா என்பார்கள். அதற்கு மாத்திரை என்றால் பைத்தியம் என்பார்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது. ஆகவே பிரஷர். பவானி அன்றைக்கே குழம்பில் உப்பைக் குறைத்தாள். பிரஷரே இல்லாத மனுஷன் ஆறு வருடம் உப்பில்லாத சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டார், வாயைத் திறக்கவில்லை.

ஆனால் மாத்திரை வேலை செய்தது. அதை மறைக்கக்கூடாது. பங்காளி வீட்டுக் காதுகுத்தில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு பந்தி முழுக்கப் பரிமாறினார். இலைக்கு வெளியே ஒரு சொட்டு விழவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதார். ஸ்ரீமதி பட்டம் வாங்கியபோது முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். ஊரில், "தமிழ்மணி குடிய உட்டுட்டாரு, கெட்டிக்காரரு" என்று பாராட்டினார்கள். குடிக்காதவர் குடியை விட்டதற்குப் பாராட்டு.

பொன்னி மட்டும் தனியாக இழுத்துக் கேட்டாள். "எப்படிடா சரியாச்சி?"

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். அவளைத் தவிர வேறு யார் அவருக்கு? "தெரியலக்கா. தானா சரியாப் போச்சி" என்றார்.

"தானா எங்கடா போவும். ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் பொன்னி. அந்த வருடம் மாவிளக்கோடு நிறுத்தாமல், இழுக்கிற மூச்சை வைத்துக்கொண்டு தம்பிக்காகப் பால்குடமும் எடுத்தாள். தமிழ்மணி கூடவே நடந்தார். சொல்லவில்லை.

போன ஆவணியில் ஸ்ரீமதிக்குக் கடலூரில் இடம் அமைந்தது. பையன் எழிலன், அப்பா ராமாமிர்தம், மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். ஊரார் முன்னால் பெண்ணைப் பெற்றவரும் பிள்ளையைப் பெற்றவரும் தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். தேங்காய், பழம், வெற்றிலை, புடவை எல்லாம் வைத்த கனமான தட்டு. அந்தத் தட்டு ஒருமுறை ஆடினால் போதும், பெண்ணின் அப்பன் குடிகாரன் என்று சம்பந்தி வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். தமிழ்மணி மூன்று வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருந்தார். சரியாக முக்கால் மணி நேரம் முன்னால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அட்டையைப் பவானியின் கைப்பையில் வைத்துவிட்டு மனையில் போய் உட்கார்ந்தார். சட்டைப்பையில் வைத்தால் குனியும்போது விழுந்துவிடும் என்ற ஜாக்கிரதை.

சேத்தியாத்தோப்பிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பொன்னிக்குத் தலை சுற்றியது. அவசரத்தில் மாத்திரை டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். மண்டபத்து அறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பவானி பார்த்தாள்.

"இன்னா அண்ணி, மொகமே சரியில்ல?"

"பிரஷரு மாத்திர போடலம்மா இன்னிக்கு. அத்தோட ஓடியாந்துட்டேன்."

"அவருது இருக்கு, போட்டுக்குங்க. எல்லாம் பிரஷரு மாத்திரதான."

"தம்பி போடுறதா? அப்ப நல்லதாத்தான் இருக்கும்" என்று வாங்கித் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கிவிட்டாள் பொன்னி. நம் வீடுகளில் இது தினமும் நடக்கிறதுதான். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒன்று கேட்டு வாங்குவோம், நம்மிடம் இருந்தால் இரண்டாகக் கொடுப்போம். வெள்ளையாக, வட்டமாக இருந்தால் எல்லாம் ஒரே மாத்திரை.

தட்டு மாற்றும்போது தமிழ்மணியின் கை கல் மாதிரி இருந்தது. வெற்றிலை நுனிகூட ஆடவில்லை. பொன்னி முன்னால் நின்று பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பாடு முடிகிற நேரத்தில் அவளுக்கு இருமல் வந்தது. பம்பை வாயில் வைத்து அடித்தாள். அடங்கவில்லை. மறுபடியும் அடித்தாள். சாம்பிராணிப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், ஜன்னலைத் திறந்தார்கள். உதடு கறுத்ததும்தான் பயந்துபோய்ப் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பொன்னியின் வீட்டுக்காரர் பழனிவேல், பவானி, சம்பந்தி ராமாமிர்தம், அவர் மனைவி, மாப்பிள்ளைப் பையன் என்று பட்டு வேட்டியும் பட்டுப்புடவையுமாக எல்லோரும் வராந்தாவில் நின்றார்கள்.

சின்ன வயது டாக்டர் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "மருந்து கேக்க மாட்டேங்குது. இன்னிக்கு வேற மாத்திர எதுனா சாப்பிட்டாங்களா?"

"நான்தான் சார் குடுத்தேன்" என்றாள் பவானி. "எங்க வூட்டுக்காரர் போடுறது. பிரஷரு மாத்திரதான்."

தமிழ்மணிக்கு அப்போதுதான் தெரியும்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "பேரு இன்னா? அம்லோடிபினா?"

அது எல்லோரும் போடுகிற சாதாரணப் பிரஷர் மாத்திரை. இல்லை, ப்ரோப்ரனலால் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆறு வருடமாக மனப்பாடமாகத் தெரிந்த பேர். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி எதற்குப் போடுகிறீர்கள் என்பதாக இருக்கும். சம்பந்தி நிற்கிறார். மாப்பிள்ளை நிற்கிறான். தட்டு மாற்றி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளுக்குள் தமிழ்மணி செத்துக்கொண்டிருந்தார். ஆனால் மாத்திரை அவர் உடம்பில் இன்னும் இருந்தது. நெஞ்சு படபடக்கவில்லை. வியர்க்கவில்லை. கை நடுங்கவில்லை. பழைய தமிழ்மணியாக இருந்திருந்தால் அவர் உதறுகிற உதறலைப் பார்த்தே டாக்டர், என்னய்யா மறைக்கிறாய் என்று சட்டையைப் பிடித்திருப்பார். இந்தத் தமிழ்மணி நிதானமான குரலில், "ஆமா சார்" என்றார். டாக்டர் நம்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என்ன மனுஷன் என்று எனக்குக் கோபம் வருகிறது. சொல்கிற எனக்கே வருகிறது. டாக்டர் தனியாக வருவார், அப்போது சொல்லிவிடலாம் என்றுதான் அவர் நினைத்தார். டாக்டர் வரவில்லை. நர்ஸ் வந்து, கூட்டம் போடாதீர்கள் என்று விரட்டினாள். ராமாமிர்தம் அவர் தோளில் கையைப் போட்டு, "வாங்க சம்பந்தி, ஒண்ணும் ஆவாது, ஒரு டீ சாப்ட்டு வரலாம்" என்று எதிர்க்கடைக்குக் கூட்டிப்போனார். தமிழ்மணி போனார். டம்ளரை வாங்கினார். ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். ராமாமிர்தம் கல்யாணத்துக்குத் தையில் நாள் பார்ப்பதைப் பற்றிப் பேசினார், இவர் தலையாட்டினார்.

திரும்பி வந்து, எல்லோரும் அசந்த நேரம் பார்த்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சொல்வதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா?" என்று அந்தச் சின்ன டாக்டர் கத்தினார். வேறு ஊசி, வேறு மருந்து என்று ஓடினார்கள். வாயில் குழாய் வைத்திருந்த பொன்னி கண்ணைத் திறந்து தம்பியை ஒருமுறை பார்த்தாள். பேச முடியாது. பயப்படாதே என்பது போலக் கையை லேசாக ஆட்டினாள். மூன்றரை மணிக்கு எல்லாம் முடிந்தது.

தமிழ்மணி டாக்டரிடம் தனியாகக் கேட்டார். டாக்டர் அவரைப் பார்க்காமலே பதில் சொன்னார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா பொழச்சிருப்பாங்களான்னா, சொல்ல முடியாது. பொழச்சிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியாது."

சொந்தக்காரர்கள் இழுப்பில் போய்விட்டாள் என்றார்கள். தமிழ்மணி பிறந்த வீட்டுக் கோடித் துணியைக் கொண்டுபோய் அக்கா மேல் போர்த்திவிட்டு வந்தார். அன்றிலிருந்து மாத்திரையைத் தொடவில்லை. கடையைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் சேத்தியாத்தோப்பில். வெள்ளாற்றங்கரையில் சடங்கு முடித்து எல்லோரும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ராமாமிர்தமும் வந்திருந்தார். பழனிவேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கேட்கிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாவுதுன்னு நான்தான் அவள வெரட்டுனேன். மாத்திர டப்பாவ எடுத்து வெச்சாளான்னு நான் பாத்திருக்கணும். அவ மாத்திரய அவ போட்டிருந்தா தலையும் சுத்தியிருக்காது, புகைல நின்னுருக்கவும் மாட்டா. நான்தான் கொன்னுட்டேன்."

மூன்றாவது தடவை அவர் அதைச் சொன்னபோது தமிழ்மணி எழுந்து நின்றார். கை நடுங்கியது. கால் நடுங்கியது. தாடை அடித்துக்கொண்டது. நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"குந்துப்பா தமிழ்மணி. அக்கா காரியத்துக்குமா போட்டுட்டு வருவ?" என்றார் ஒரு பங்காளி.

தமிழ்மணி உட்காரவில்லை. திக்கித் திணறி, வார்த்தையைப் பாதியில் விட்டு, மறுபடி பிடித்து, எல்லாவற்றையும் சொன்னார். அது பிரஷர் மாத்திரை இல்லை, பயத்துக்கு மாத்திரை. இழுப்புக்காரர்கள் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கேட்டபோது பொய் சொன்னேன். சம்பந்தி இருந்தார், அதனால் சொன்னேன்.

பவானி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே தரையில் சரிந்தாள். "என் கையால குடுத்தனே. எங்கிட்ட சொல்லலியே, ஆறு வருஷமா ஒரு வார்த்த சொல்லலியே" என்று அவள் அலறியதைப் பெண்கள் வந்து அடக்க வேண்டியிருந்தது. ராமாமிர்தம், "இதுக்கா சம்பந்தி மறைச்சீங்க? இது ஒரு விஷயமா?" என்றார். அவர் உண்மையாகத்தான் கேட்டார். அந்தக் கல்யாணம் நிற்கவும் இல்லை.

பழனிவேல் அழவில்லை. மைத்துனனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத சொல்றதுக்கு மாத்திர போட்டுக்கினு வந்தியா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. அன்னியிலேர்ந்து தொடல."

"அப்ப மாத்திர இல்லாம, இத்தினி பேரு முன்னாடி, ஒன்னால சொல்ல முடிஞ்சிச்சி."

தமிழ்மணி தலையாட்டினார். கை இன்னும் உதறிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கி அங்க ஆறு பேருதானடா இருந்தோம்" என்றார் பழனிவேல்.